மதிப்புரையும் மனத்தாங்கலும்

ஆந்திரத்தில் குடியேறி வாழும் என் தமக்கைக்கு மக்கள் இருவர். மூத்தவன் சித்தூரிலும் இளையவன் திருப்பதியிலும் உத்தியோகம் பார்க்கின்றனர். 2012 அக்டோபரில் இருவரிடையே ஒரு வழக்கு எழுந்தது. வேற்றுலகத்தாரின் படையெடுப்பை எதிர்க்கும் 'எக்ஸ்காம்' என்னும் கணினி விளையாட்டே அதற்குக் காரணம்.

1994இல் இங்கிலாந்தின் கோலப் சகோதரர்கள் ஆக்கிய மூல விளையாட்டில், வீரனின் ஒவ்வோர் அசைவிற்கும் நேர அலகுகளை எண்ணிச் செலவிடல் வேண்டும். அமெரிக்காவின் ஃபிராக்சிஸ் நிறுவனம் அதனைப் புதுக்கியபோது, முறைக்கு இரண்டு செயல்கள் எனச் சுருக்கியது. முந்தி வந்த மதிப்புரைகள் பெரும்பாலும் புகழ்ந்தே உரைத்தன. இளையவன் மகிழ்ந்தான். மூத்தவனோ, "பழையதன் அருமை அறியாதவர்கள் எழுதியது!" என்று தொலைபேசியில் சினந்தான். பத்து நாட்கள் பேச்சற்றுப் போயிற்று. இத்தனைக்கும் புதியதை இருவரும் கண்ணாலும் கண்டிலர்!

பின்னர் ஆடினர். அவ்விளையாட்டில் வீரர்க்கு நாமே பெயரிடலாம், மாண்டவன் மீளான். மூத்தவன் ஒரு வீரனுக்குத் தம்பியின் பெயரை இட்டிருந்தான். அவ்வீரன் வீழ்ந்த இரவே திருப்பதிக்குத் தொலைபேசி சென்றது: "உன்னைக் காப்பாற்ற முடியவில்லையடா, தம்பி!"

அன்பர்களே, பிறர் மதிப்பீடு வழி காட்டலாம். நமக்காகச் சுவைத்தல் அதனால் ஆகாது. காணாத பொருளின் பொருட்டுக் கண்போன்ற உறவைப் பகைத்தல் தகுமோ?