அழகான வளையங்கள்

ஜனவரி 14, 2024

போகி. தெருவெல்லாம் புகை. மடிக்கணினியில் நேற்றிரவிலிருந்து ஒரு பாவனைச் சோதனை ஓடுகிறது: ஓர் எஃகுத் தூண், அதில் பற்றவைத்த உத்திரம், உத்திரத்தின் நுனியை மேலும் கீழும் அசைக்கும் நிலநடுக்கம். மொத்தம் 30 சுற்று. இணைப்பின் சுழற்சி முதல் ஆறு சுற்றில் 0.00375 ரேடியன், கடைசி இரண்டில் 0.04. என் உத்திரம் இரண்டு மீட்டர்; ஆகவே நுனி 80 மில்லிமீட்டர் ஏறி, அதே அளவு இறங்க வேண்டும். நம் ஐஎஸ் 800:2007 விதிநூலும் சிறப்புச் சட்டக இணைப்புகளிடம் இந்த 0.04-ஐத்தான் கேட்கிறது.

மாலையில் முடிந்தது. விசை-நகர்வு வளையங்கள் கொழுத்து, வழுவழுவென்று வந்திருந்தன. வளையத்துக்குள் அடங்கும் பரப்புதான் எஃகு விழுங்கிய ஆற்றல். மகிழ்ச்சியாகத் தூங்கினேன்.

ஜனவரி 16

சித்தப்பா செஞ்சி சாலையில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர். திரையைப் பார்த்துவிட்டு, கொல்லையில் கிடந்த கட்டுக்கம்பியை எடுத்து முன்னும் பின்னும் மடக்கினார். ஏழெட்டு மடக்கில் அறுந்தது.

“கம்பியே அறுந்துபோவுது. உன் கம்ப்யூட்டர்ல மட்டும் எப்படிடா அறவே மாட்டேங்குது?”

அறுவதற்கு நான் அதற்குச் சொல்லவே இல்லையே, சித்தப்பா.

ஜனவரி 17

காணும் பொங்கல். பல்லவர் காலக் குடைவரைக் கோயிலுக்குப் போனோம். செங்கல், மரம், உலோகம், சுண்ணச்சாந்து எதுவும் இல்லாமல் மும்மூர்த்திகளுக்குக் கோயில் எடுத்ததாகக் கல்வெட்டில் பெருமைப்பட்டுக்கொள்கிறான் முதலாம் மகேந்திரவர்மன். தூணும் போதிகையும் உத்திரமும் ஒரே பாறை. மரவேலைக்காரன் பொருத்தியதுபோல் தோற்றம்தான். இணைப்பு என்று ஒன்று கிடையாது. இணைப்பே இல்லாதவனுக்குக் கவலை ஏது? கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது.

முப்பது ஆண்டுக்கு முன் இதே தேதியில், விடியற்காலை நாலரை மணிக்கு, லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் நார்த்ரிட்ஜ் குலுங்கியது. எஃகுச் சட்டகக் கட்டடம் எதுவும் சரியவில்லை. பிறகு சுவர்ப்பூச்சையும் தீக்காப்புப் பூச்சையும் உரித்துப் பார்த்தால், நூற்றுக்கும் மேற்பட்ட கட்டடங்களில் தூணும் உத்திரமும் சேரும் இடத்தில் விரிசல்! பெரும்பாலும் உத்திரத்தின் கீழ்த்தகடான கீழ் ஃபிளேஞ்சின் பற்றவைப்பில். உத்திரம் வளைந்து கொடுக்கும் என்று நம்பியிருந்தார்கள். அது வளையத் தொடங்குமுன்பே பற்றவைப்பு பட்டென்று பிளந்திருந்தது. அடுத்த ஆண்டு, அதே ஜனவரி 17, ஜப்பானின் கோபேயிலும் நிலநடுக்கம்.

சித்தப்பாவிடம் சொன்னபோது அவர் வியப்படையவில்லை. “பின்னாடி வெச்ச பேக்கிங் பட்டையை வெட்டி எடுத்திருக்க மாட்டானுங்க.” உண்மைதான். பட்டைக்கும் தூணுக்கும் நடுவே ஒட்டாமல் நிற்கும் கோடு, பிறவியிலேயே ஒரு விரிசல். பற்றவைத்த உலோகமும் சட்டென்று உடையும் வகை. அதன் பிறகுதான் பட்டையை நீக்குவது, தூணுக்குச் சற்றுத் தள்ளி உத்திரத்தின் ஃபிளேஞ்சை இருபுறமும் வளைவாகச் செதுக்கி இளைக்கவைப்பது என்றெல்லாம் வந்தது. நெளிவதென்றால் பற்றவைப்பை விட்டு விலகி அங்கே நெளியட்டும் என்று.

ஜனவரி 19

அந்த ஒட்டாத கோட்டைக் கணினி மாதிரியில் வைத்தேன். பற்றவைப்புக்குத் தனியாக முறிவு விதியும் கொடுத்தேன். 24-ஆவது சுற்று, 0.015 ரேடியன்: கீழ் ஃபிளேஞ்ச் கழன்றது. வளையம் ஒருபக்கம் சப்பென்று விழுந்துவிட்டது.

சித்தப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். “இப்பதான்டா வெல்டிங் மாதிரி இருக்கு.”