ஒரு பைசா யாருடையது?

"ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்பது நம் முன்னோர் வாக்கு. ஆற்றோடு போகும் பொருளுக்கே அளவு வேண்டுமென்றால், பிறர் நம்மை நம்பித் தந்த பணத்திற்கு எவ்வளவு கவனம் வேண்டும்! இவ்வாண்டு கணினி வகுப்பில் நாங்கள் கற்றவற்றுள் இதுவே எங்கள் மனத்தில் ஆழப் பதிந்தது.

பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் சிற்றுண்டிக் காசில் மிச்சம் பிடித்து, நம் பள்ளியில் பணிபுரியும் ஆயாம்மாக்கள் மூவருக்குக் கிறிஸ்துமஸ் அன்பளிப்பாக 10,000 ரூபாய் சேர்த்தோம். அக்கணக்கைக் கணினியில் தரவுத்தளமாக அமைக்கும்படி ஆசிரியை கூறினார்கள். பெயருக்கு ஒரு நெடுவரிசை, தேதிக்கு ஒன்று, தொகைக்கு ஒன்று. தொகைக்கு வந்ததும், "இதில் எவ்வகை எண் இருக்கப் போகிறது? புள்ளிக்குப் பின் எத்தனை இலக்கம்?" என்று கேட்டார்கள். அரிசி வருமுன்னே அதற்கேற்ற படியைத் தேடி வைப்பது போன்றது இது.

'ஃப்ளோட்' எனப்படும் மிதப்புப் புள்ளி வகை அறிவியல் அளவுகளுக்கு ஏற்றது, பணத்திற்கு ஏற்றதன்று. அது எண்களை 0, 1 என்னும் இரண்டே இலக்கங்களால் குறிக்கிறது. மூன்றில் ஒரு பங்கை நாம் எழுதினால் 0.333... என்று முடிவின்றி நீள்கிறதல்லவா? அவ்வாறே பத்தில் ஒரு பங்கு இரும எண்முறையில் முடிவின்றி நீளும். ஆகவே கணினி அதை ஓரிடத்தில் நிறுத்திவிடுகிறது. பல கணினி மொழிகளில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று விடை வருவது இதனால்தான். பத்துப் பைசாவும் இருபது பைசாவும் சேர்ந்தும் சரியாக முப்பது பைசா ஆகவில்லை!

பணத்திற்கு உரியது 'டெசிமல்' வகை. அது தசம இலக்கங்களை உள்ளபடியே காக்கும். 'டெசிமல் (10,2)' என்றால் மொத்தம் 10 இலக்கங்கள். அவற்றுள் 2 புள்ளிக்குப் பின்னே. இதில் ரூ. 9,99,99,999.99 வரை எழுதலாம். ஆனால் எல்லா நாடுகளுக்கும் இரண்டு இலக்கம் பொருந்தாது. ஜப்பானிய யென்னுக்குப் புள்ளிக்குப் பின் இலக்கமே வேண்டாம். குவைத் தினார் ஒன்றுக்கு 1,000 ஃபில்ஸ் ஆதலால், அதற்கு மூன்று இலக்கங்கள் வேண்டும்.

"25 பைசா நாணயமே 2011 ஜூன் 30 முதல் செல்லாது. பைசாவுக்கு இவ்வளவு பாடா?" என்று சிலர் கேட்கலாம். கனடாவின் வான்கூவர் பங்குச் சந்தையில் நடந்ததை அவர்களுக்குச் சொல்வோம். அங்கு 1982 ஜனவரியில் ஒரு விலைக் குறியீட்டெண்ணை 1,000 என்று தொடங்கினார்கள். நாள்தோறும் ஆயிரக்கணக்கான முறை அதைக் கணக்கிட்டபோது, மூன்றாம் தசம இலக்கத்திற்குப் பின் வந்ததை முழுதாக்காமல் வெட்டிவிட்டது கணினி. 1983 நவம்பரில் அது 524 என்று காட்டியது. திருத்திக் கணக்கிட்டபோது உண்மை விடை 1,098-க்கும் மேல்! கண்ணுக்குத் தெரியாத துணுக்குகள் சேர்ந்து பாதிக்கு மேல் விழுங்கிவிட்டன.

இனி எங்கள் கணக்கிற்கு வருவோம். 10,000 ரூபாயை மூவருக்குப் பிரித்தால் ஆளுக்கு ரூ. 3,333.33. மூன்றையும் கூட்டினால் ரூ. 9,999.99. மீதி ஒரு பைசா யாருடையது? இதற்குக் கணினி விடை சொல்லாது. மனிதர்தாம் முறை வகுக்க வேண்டும். "மீதியை விட்டுவிடலாமே" என்றாள் ஒருத்தி. "விட்டுவிட நமக்கு உரிமை ஏது? அது அவர்களுக்கென்று சேர்த்ததாயிற்றே" என்றாள் மற்றொருத்தி. பணியில் மூத்தவருக்கு ரூ. 3,333.34 என்று முடிவு செய்து, அம்முறையைக் கணக்கின் கீழ் எழுதி வைத்தோம். மூவரின் வங்கிக் கணக்கிற்கும் தொகை சென்றது. மொத்தம் சரியாக ரூ. 10,000.00.

அந்த ஒரு பைசாவால் அந்த ஆயாம்மா எதையும் வாங்க இயலாது. ஆயினும் சேர்த்தது முழுவதும் உரியவர்களைச் சென்றடைந்தது என்று நிமிர்ந்து சொல்ல எங்களால் இயன்றது.

அன்புத் தோழியரே! நாளை நம்மில் சிலர் வங்கியிலும் அலுவலகத்திலும் பணிபுரிவோம். நாம் முகமறியாத ஒரு தொழிலாளியின் கூலியும், ஒரு மூதாட்டியின் ஓய்வூதியமும் நாம் அமைக்கும் நெடுவரிசையில் வந்து அமரும். அங்கே ஓர் இலக்கம் குறைந்தாலும் அவர்களுக்குத் தெரியப் போவதில்லை. தெரியாதவர்களின் பங்கையும் குறையாமல் காப்பதே நேர்மை. அதை இப்போதே பழகுவோம்!