ஈரேடும் ஓருண்மையும்

கல்லூரியன்னையின் விழா மலருக்குத் தத்தம் தொழில் பற்றிக் கட்டுரை வரைந்தனுப்புமாறு பழைய மாணவர்க்கு மலர்க்குழுவினர் பணித்துள்ளனர். யான் இணையச் செயலிகளை ஆக்குந் தொழிலில் ஈடுபட்டவன். அத்தொழிலின் நுட்பங்களை விரிக்கப் புகின் வாசகர் கண்ணயர்தல் கூடும். ஆயினும் அதில் நாள்தோறும் எதிர்ப்படுஞ் சிக்கலொன்று, யான் பிறந்த ஸ்பிரிங்வெளித் தோட்டத்து மக்கள் நெடுங்காலமாக அறிந்ததொன்றே யாதலின், அதனை ஈண்டு எடுத்துரைக்கத் துணிந்தேன்.

தோட்டத்திலே செக்ரோல் எனும் பேரேடு உண்டு. அதிற் பேர் விழுந்தாற்றான் அந்நாளுக்குச் சம்பளம். கொழுந்து நிறுக்குமிடத்தில் எழுதப்படும் நிறைக்கணக்கோ வேறொரு புத்தகத்தில் இருக்கும். இரண்டும் ஒத்திருக்கும்வரை தொல்லை இல்லை. ஒன்று முழுப்பேர் என்றும் மற்றது அரைப்பேர் என்றுஞ் சொல்லுமாயின், நட்டம் கொழுந்து பறித்தவள் தலையிலேயே விழும். எந்த ஏட்டை மெய்யெனக் கொள்வது என்று முன்னரே வரையறுக்காத கணக்கு எளியோர்க்குத் தீங்காய் முடியும்.

இணையச் செயலியிலும் இவ்வாறே ஈரேடுகள் உள. ஒன்று, உலாவியின் மேற்பட்டையில் நிற்கும் முகவரி. மற்றொன்று, பயனர் எங்கு நிற்கிறார், எதைத் தெரிந்தார் என்பவற்றைச் செயலி தன்னுள் வைத்திருக்கும் நிலைக்களஞ்சியம். ரிம் பேணர்ஸ்-லீ 1989இல் முன்மொழிந்த வலையிலே இச்சிக்கல் பெரிதாக எழவில்லை. ஒவ்வொரு பக்கமும் தனக்கென முகவரி கொண்ட ஓர் ஆவணம். இணைப்பை அழுத்தினால் புதிய பக்கம் முழுவதும் வந்துசேரும். பின்னர், ஒரே பக்கத்தில் நின்றபடியே காட்சிகளை மாற்றுஞ் செயலிகள் பெருகின. எச்.டி.எம்.எல். 5 உடன் வந்த வசதியொன்று, பக்கத்தை மீளப் பெறாமலே முகவரியை மாற்ற நிரலுக்கு இடங்கொடுத்தது. 2015இல் டான் ஏப்ரமோவும் அன்ட்ரூ கிளார்க்கும் ஆக்கிய ரிடக்ஸ், செயலியின் நிலை முழுவதையும் ஒரே களஞ்சியத்தில் வைத்து, அறிவித்த செயல்களால் மட்டுமே அதனை மாற்றுதல் வேண்டுமென விதித்தது.

விதி நன்றே. ஆனால் முகவரி அக்களஞ்சியத்துக்கு வெளியே நிற்பது. அதனை ஆள்வது உலாவி. பயனர் பின்செல் பொத்தானை அழுத்தினால், செயலியின் அனுமதி கேளாமலே முகவரி மாறிவிடும். இரண்டையும் இணைப்பதற்கு ஜேம்ஸ் லோங் என்பார் தொடங்கிய ரியாக்ட்-ரௌட்டர்-ரிடக்ஸ் முதலிய கருவிகள் தோன்றின. களஞ்சியம் மாறினால் முகவரியை எழுது. முகவரி மாறினால் களஞ்சியத்தை எழுது என்பது இத்தகைய இணைப்பின் போக்கு. இரண்டும் முன்னரே ஒத்துள்ளனவா என ஒப்புநோக்காவிடின், ஒன்று மற்றொன்றைத் துரத்தும் முடிவிலாச் சுழல் உண்டாகும். அன்றியும், பயனர் பின்சென்றால் உலாவி பொப்ஸ்டேட் எனும் அறிவிப்பை எழுப்பும்; நிரல் தானே புஷ்ஸ்டேட் கொண்டு முகவரியை எழுதினாலோ அவ்வறிவிப்பு எழாது. அதனை மட்டுமே நம்பியிருக்குஞ் செயலி தன் கையெழுத்தைத் தானே காணாது போகும். காலப்போக்கில் அக்கருவி கைவிடப்பட்டது.

எம் மலைநாட்டு இருப்புப்பாதையிலே தெமோதரை நிலையத்தை நேயர் பலர் அறிவர். பதுளை நோக்கி வரும் புகைவண்டி அந்நிலையத்தைக் கடந்து, குன்றைச் சுற்றியிறங்கி, அந்நிலையத்தின் கீழேயுள்ள சுரங்கத்தினூடே மறுபடியுஞ் செல்லும். வரைபடத்திற் புள்ளி ஒன்றே, மட்டமோ இரண்டு. முகவரி ஒன்றாக இருக்க, உள்ளே நிலை வேறாக இருக்குஞ் செயலியும் இத்தன்மைத்தே. அம்முகவரியை நண்பருக்கு அனுப்பினால், நாம் மேலே நிற்க, அவர் சுரங்கத்துள் நிற்பார்.

இஃது அறிஞர் பொழுதுபோக்குக்கான புதிர் அன்று. சில ஆண்டுகளுக்கு முன் என் தமக்கை மகள் உயர்கல்வி உதவி வேண்டி இணையப் படிவமொன்றைக் கைத்தொலைபேசியில் நிரப்பினாள். தாய் கொழுந்தெடுத்த காசிற் போட்ட ரீலோட். விண்ணப்பத்துக்கு அன்றே இறுதி நாள். நான்காம் படியில் நின்றவள், முன்னெழுதிய எண்ணொன்றைத் திருத்தப் பின்செல் பொத்தானை அழுத்தினாள். நான்காம் படியில் நிற்பது செயலிக்குத் தெரியும். முகவரியோ முதற்படியை விட்டு அசையவே இல்லை. ஆகவே உலாவி படிவத்தை விட்டே வெளியேறியது. எழுதியவை யாவும் மறைந்தன. இரண்டாம் முறையும் அவ்வாறே. "மாமா, நான் என்ன பிழை விட்டேன்?" என்று தொலைபேசியில் அழுதாள். பிழை அவளுடையதன்று. படிவத்தினுள்ளே உள்ள பொத்தான்களை மட்டும் தொடுமாறு சொல்லி, நள்ளிரவுக்கு முன் அனுப்பச் செய்தோம். சொல்வதற்கு ஆளில்லாத பிள்ளைகள் எத்தனை பேர் அன்றிரவு விட்டுவிட்டு உறங்கினரோ!

இத்துறையிற் புகவிருக்கும் மாணவத் தம்பி தங்கையர்க்குச் சொல்ல விழைவது இதுவே. ஒவ்வோர் உண்மைக்கும் ஓரிடமே வைத்தல் வேண்டும். எப்பக்கம், எத்தேடல், எத்தனையாம் படி என்பன முகவரிக்கு உரியன. செயலி அவற்றை அங்கிருந்து படித்துக்கொள்ளட்டும், தனியே படியெடுத்து வைக்க வேண்டா. பாதி எழுதிய சொல்லும் திறந்து கிடக்கும் பட்டியலும் களஞ்சியத்துக்கு உரியன. படிவத்தில் எழுதியவற்றை அவ்வப்போது சேமித்தல் வேண்டும். கடவுச்சொல் முதலிய மறைபொருள் ஒருபோதும் முகவரியில் ஏறலாகாது. ஆக்கி முடித்தபின் மூன்று சோதனை செய்க: பின்செல்லுங்கள், பக்கத்தை மீளத் திறவுங்கள், முகவரியை வேறொருவர்க்கு அனுப்புங்கள். மூன்றிலும் காட்சி பிறழாதாயின், தொலைவிலே லயத்துக் காம்பரா ஒன்றில் இருந்து படிவம் நிரப்பும் பிள்ளையின் உழைப்பு வீண்போகாது.