என் பழைய டிபன் பாக்ஸ்

அண்ணன் கச்சேரியில் கிதார் வாசிப்பார். காலால் மிதித்தால் கிதாரை கரகரன்னு ஒலிக்க வைக்கும் 'ஃபஸ் பெடல்' சர்க்யூட்டை அவரே செய்தார். பிளாஸ்டிக் டப்பாவில் வைத்ததும் ஒரே கரண்ட் இரைச்சல். உலோகப் பெட்டி அதைத் தடுக்குமாம். என் பழைய அலுமினிய டிபன் பாக்ஸைக் கேட்டார். அவர் ஓட்டை போட, நான் பிசிர் எடுத்து, உப்புத்தாள் தேய்த்து, நீலப் பெயிண்ட் அடித்தேன். அழகா இருக்கட்டும்னு உள்ளேயும் அடிச்சிட்டேன்.

மறுபடியும் 'ஊம்ம்' சத்தம்! மறுநாள் திருவிழாக் கச்சேரி. எனக்கு அழுகையே வந்துடுச்சு.

அப்போதுதான் அரிதிற்கடத்தி பாடம் ஞாபகம் வந்தது. ஜாக் பெட்டியைத் தொட்டால்தானே கிரவுண்டு? நடுவுல பெயிண்ட் இருக்கே! ஓட்டையைச் சுற்றி உட்புறம் பளபளக்கும்வரை சுரண்டினேன். இரைச்சல் நின்றது. அண்ணன் என் தலையில் செல்லமாகக் குட்டினார்.

நண்பர்களே, மார்க்குக்குப் படிச்ச பாடம் வீட்டுக்கும் உதவும்!

– 9ஆம் வகுப்பு மாணவி