தீவுக்கு ஒரு செலவு

'செலவு' என்னும் சொல்லுக்கு, கைப்பணம் கரைதல் என்ற ஒரு பொருளையே இன்று நாம் வழங்குகிறோம். பண்டைத் தமிழிலோ பயணம் என்பதே அதன் பொருள். செல்வது செலவு. பொருள் தேடப் புறப்பட்ட தலைவன், பிரிவை எண்ணி வாடும் தலைவியின் முகங்கண்டு தன் பயணத்தை நிறுத்திக்கொள்வதைச் 'செலவழுங்கல்' என்று ஒரு துறையாகவே நம் முன்னோர் வகுத்து வைத்தனர். அரபு மொழியில் பயணத்தை 'ஸஃபர்' என்பர். அச்சொல்லின் வேர், திரை விலகுதலையும் குறிக்கும். பெண்ணொருத்தி தன் முகத்திரையை நீக்கினாலும், வைகறை ஒளி விரிந்தாலும், அதே வேரிலிருந்துதான் சொல் பிறக்கும். மனிதரின் உள்ளியல்பை வெளிக்கொணர்வதனாலேயே பயணம் இப்பெயர் பெற்றது என்று மொழியறிஞர் விளக்கம் கூறுவர். தமிழ்ச் சொல் பயணத்தின் விலையைச் சொல்லுகிறது. அரபுச் சொல் அதன் விளைவைச் சொல்லுகிறது. இவ்விரண்டையும் ஒருங்கே எண்ணிப் பார்க்கும் தேவை அண்மையில் நம் இல்லத்திற்கு ஏற்பட்டது.

நம் மூத்த மகன் இலண்டன் மாநகரில் பணியாற்றுகிறான். அவனுக்கு மனைவியும், ஆறு வயதில் ஒரு மகளும் உண்டு. டிசம்பர் மாதப் பள்ளி விடுமுறையில் பத்து நாட்கள் ஒழிவு பெற்று ஊருக்கு வருவது வழக்கம். இம்முறை அவன் வேறொரு திட்டத்தை எழுதியனுப்பினான். ஊருக்கு வருவதற்குப் பதிலாக, அவன் குடும்பம் அங்கிருந்தும், நாமும் நம் துணைவியாரும் இங்கிருந்தும் புறப்பட்டு, மாலத்தீவின் உல்லாச விடுதி ஒன்றில் ஏழு இரவுகள் கூடியிருப்பது. செலவு முழுவதும் அவனுடையது. அவனுக்கு அது பத்து மணி நேரத்திற்கு மேற்பட்ட வான்பயணம். நமக்கோ, திருவனந்தபுரத்திலிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 600 கிலோமீட்டர். காயற்பட்டினத்திலிருந்து சென்னை செல்லும் தொலைவைவிடச் சற்றுக் குறைவு.

அவன் கூறிய காரணம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. "வாப்பா! ஊருக்கு வந்தால் விருந்தும், திருமண அழைப்பும், நலம் விசாரிக்க வருவோர் கூட்டமுமாகப் பத்து நாளும் போய்விடுகிறது. உங்களோடும் உம்மாவோடும் ஒரு பகற்பொழுது முழுதாக உட்கார்ந்து பேச வழியில்லை. கடலுக்கு நடுவே யார் வந்து கதவைத் தட்டப்போகிறார்கள்?" என்று எழுதியிருந்தான். பெற்றோரோடு தனித்திருக்க விரும்பும் மகனைப் பெற்றவர்கள் பேறு பெற்றவர்களே. ஆயினும் அத்திட்டத்தில் ஒருவர் விடுபட்டிருந்தார். நம் அன்னையாருக்கு எண்பத்து நான்கு வயது. முழங்கால் தளர்ந்து, கட்டிலிலிருந்து திண்ணை வரை நடப்பதே அவருக்கு ஒரு பயணம். வானூர்தியிலும் படகிலும் ஏறுவது அவரால் ஆகாது. மகன் தீவிற்கு வந்து அப்படியே திரும்பினால், பேரனையும் கொள்ளுப்பேத்தியையும் காணாத ஓராண்டு அவருக்குக் கழியும். அந்த வயதில் ஓராண்டு என்பது எத்தகைய அளவு என்பதை வாசக அன்பர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

உடனே மறுத்தெழுத நாம் விரும்பவில்லை. திட்டத்தை முழுதும் ஆராய்ந்த பின்னரே விடை கூற எண்ணினோம்.

மாலத்தீவு 26 பவள வட்டங்களில் சிதறிக் கிடக்கும் ஏறத்தாழ 1,190 தீவுகளைக் கொண்ட நாடு. அவற்றில் மக்கள் ஊராக வாழ்பவை இருநூறுக்கும் குறைவே. அப்பவள வட்டத்தை அம்மக்கள் 'அதொளு' என்பர். ஆங்கிலேயர் 'அட்டோல்' என்பது அவர்களிடமிருந்து பெற்ற சொல்லே. முதல் உல்லாச விடுதி 1972ஆம் ஆண்டு ஒரு சிறு தீவில் திறக்கப்பட்டது. அதன் பெயர் 'குரும்பா'. திவேஹி மொழியில் அது இளந்தேங்காயைக் குறிக்கும். நம் குரும்பையும் அவர்கள் குரும்பாவும் ஒரே மரத்துக் காய்கள் என்பதை அறிந்தபோது, அந்நிய நாடு என்ற எண்ணம் நம் உள்ளத்தில் சற்றுக் குறைந்தது.

ஒரு தீவில் ஒரு விடுதி என்பதே அங்கே நெடுநாள் நடைமுறை. மக்கள் வாழாத தீவுகளே விடுதிகளுக்கு அளிக்கப்பட்டன. ஊர்த்தீவுகளில் மதுவுக்கு இடமில்லை, விடுதித்தீவுகளில் உண்டு. இவ்வேலியினால் ஊராரின் வாழ்வு ஒரு புறமும், விருந்தினரின் களிப்பு மறுபுறமும் நின்றன. 2009க்குப் பின்னரே ஊர்த்தீவுகளில் சிறு விருந்தகங்கள் நடத்த இசைவு கிடைத்தது. ஆக, விடுதித்தீவில் ஏழு நாள் தங்கித் திரும்புபவர் மாலத்தீவின் கடலைக் கண்டிருப்பார். மாலத்தீவுக் குடும்பம் ஒன்றின் அடுப்புப் புகையைக் கண்டிருக்கமாட்டார். அவருக்கு உணவு பரிமாறியவரும், படுக்கை விரித்தவரும் வேறு தீவிலோ வேறு நாட்டிலோ தம் பிள்ளைகளை விட்டு வந்தவர்களாகவே பெரும்பாலும் இருப்பர். நம் குடும்பம் கூடியிருக்க, வேறு பல குடும்பங்கள் பிரிந்திருக்கின்றன. இது விடுதிக்கு மட்டும் உரிய குறையன்று. வளைகுடாவிற்குப் பிள்ளைகளை அனுப்பிய ஊரார் நாம், அப்பிரிவின் சுவையை நன்கறிவோம்.

பின்னர்க் கணக்கைப் பார்த்தோம். டிசம்பர் இறுதி அங்கே கூட்டம் மிகுந்த காலம். வடகிழக்குக் காற்றின் பருவமாகிய 'இருவாய்' தொடங்கி, மழை குறைந்து, கடல் தெளியும் வேளை, ஐரோப்பாவில் கடுங்குளிர். எனவே அறை வாடகை உச்சத்தில் நிற்கும். வாடகைக்கு மேல் பணிக்கட்டணமும் சுற்றுலா விற்பனை வரியும் சேரும். இவையன்றிப் பசுமை வரி என்று ஒன்றுண்டு. 2025 ஜனவரி முதல் விடுதியில் தங்கும் ஒவ்வொருவருக்கும் ஓர் இரவுக்கு 12 டாலர்; ஐம்பது அறைகளுக்கு மிகாத விருந்தகத்தில் 6 டாலர். இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்கு மட்டுமே விலக்கு. நாம் ஐவர், ஏழு இரவுக்கு அவ்வரி மட்டுமே 420 டாலர் ஆகிறது. தொலைவிலுள்ள விடுதிக்குக் கடல் வானூர்தியில் செல்லவேண்டும். அது பகலில் மட்டுமே பறக்கும். இலண்டனிலிருந்து வரும் ஊர்தி மாலையில் இறங்கினால், நிலையத்தின் அருகே ஓர் இரவைக் கழித்து மறுநாள்தான் செல்ல இயலும். பத்து நாள் ஒழிவில் போக்குக்கும் வரவுக்கும் உறக்கம் தெளிவதற்கும் போக எஞ்சுவது எவ்வளவு? ஆறு வயதுக் குழந்தைக்கு அந்த ஐந்து மணி நேர வேறுபாடு பழகுவதற்குள் திரும்பும் நாள் வந்துவிடும்.

மற்றொரு செய்தி நமக்கு வியப்பளித்தது. மாலைப் பொழுதின் வெளிச்சம் நீண்டிருக்க வேண்டும் என்பதற்காகச் சில விடுதிகள் தம் கடிகாரத்தைத் தலைநகர் மாலேயின் நேரத்தைவிட ஒரு மணி முன்னதாக வைத்திருக்கின்றனவாம். கடிகாரத்தை நகர்த்தலாம், கதிரவனை நகர்த்த இயலாது. அங்கே தொழுகை நேரம் அறிய விரும்புவோர் சுவரை நோக்காது வானை நோக்குவதே நலம்.

இவ்வாறு ஆராய்கையில், இப்னு பதூதாவின் பயண நூலை மீண்டும் எடுத்து வாசித்தோம். 1343ஆம் ஆண்டு கள்ளிக்கோட்டையிலிருந்து பத்து நாள் கடலில் சென்று அவர் அத்தீவுகளை அடைந்தார். மீனும் தேங்காயும் உண்டு வாழும் மென்மையான மக்களையும், அங்கிருந்து வங்கத்திற்குச் சோழி சென்று அரிசி வருவதையும் அவர் குறித்திருக்கிறார். அவர்கள் அவரை விடாது நிறுத்திக் காஜியாக்கினர். அங்கேயே மணம் புரிந்தார். பின்னர் ஆட்சியாளரோடு மனம் வேறுபட்டு, 1344இல் தீவை விட்டகன்றார். இலங்கை சென்று ஆதம் மலையேறி, அதன்பின் நம் மஃபர் கரையில் இறங்கி, மதுரையின் சுல்தானாக இருந்த கியாசுத்தீன் தாமகானியிடம் தங்கினார். பின்னர்க் கடற்கொள்ளையரிடம் உடைமை அனைத்தும் இழந்தார்.

அதன் பிறகும் அவர் ஒருமுறை அத்தீவிற்குத் திரும்பினார் என்பதுதான் நம் கண்ணை நிறுத்திய இடம். அவர் சென்ற பின் அங்கே அவருக்கு ஒரு மகன் பிறந்திருந்தான். அக்குழந்தையைக் காணவே சென்றார். குழந்தையைக் கொணர்ந்து காட்டினர். தாயாரிடமும் சுற்றத்தாரிடமும் அவன் இருப்பதே அவனுக்கு நலம் எனக் கருதித் திருப்பி ஒப்படைத்துவிட்டு, சில நாட்களில் கப்பலேறிவிட்டார். தாம் உண்ட உணவையும் கண்ட மன்னரையும் பக்கம் பக்கமாக விரித்துரைத்த அப்பெருமகனார், இந்நிகழ்ச்சிக்குச் சில வரிகளே ஒதுக்கினார். உலகத்தின் பாதியைக் கண்ட கண்களுக்கு, அம்மகன் வளர்ந்த முகத்தைக் காணும் பேறு வாய்க்கவில்லை. அவரைக் குறை கூற நமக்குத் தகுதியில்லை. அக்காலப் பயணத்தில் பிரிந்தவர் மீண்டும் கூடுதல் அரிது. இக்காலத்தில் அவ்வழி திறந்திருக்கிறது. திறந்திருக்கும் வழியைப் பயன்படுத்துவது நம் கையில்தான் இருக்கிறது.

இவற்றையெல்லாம் ஓர் இரவு அன்னையாரிடம் சொன்னோம். அவருடைய தந்தையார் தூத்துக்குடியிலிருந்து தோணியில் அரிசியும் வெங்காயமும் ஏற்றி மாலத்தீவுக்குச் சென்று, திரும்பும்போது மாசி கொண்டுவந்த வணிகர். சூரை மீனை அவித்து, புகையிட்டு, வெயிலில் கல்லாகக் காயவைக்கும் அந்த மாசி இல்லாமல் அன்னையாரின் இளமைக்காலச் சமையல் நடந்ததில்லை. அவர் நாம் எதிர்பாராத விடையளித்தார்.

"எங்க வாப்பா அந்தத் தீவுக்குப் போய்ப் போய்த்தான் எங்களை வளர்த்தாங்க. அது எப்படி இருக்கும்னு நான் பார்த்ததில்லை. நீங்க போய்ப் பாருங்க. பிள்ளை மட்டும் என்னைப் பார்க்காமப் போயிடக் கூடாது" என்றார்.

அவர் செலவழுங்கச் சொல்லவில்லை. செலவை இரண்டாகப் பகுக்கச் சொன்னார். அதன்படியே மகனுக்கு எழுதினோம். ஏழு இரவுகளில் மூன்று தீவுக்கு, நான்கு ஊருக்கு. விடுதித்தீவு வேண்டாம், விரைவுப் படகில் எட்டும் ஊர்த்தீவு ஒன்றில், தொழுமிடமும் பள்ளிக்கூடமும் கடைத்தெருவும் அருகிலிருக்கும் சிறு விருந்தகம் போதும். ஐவருக்கும் மூன்று இரவுக்குப் பசுமை வரி 90 டாலரோடு முடியும். குழந்தைக்கு மீன் பார்க்கவும், மருமகளுக்கு ஓய்வு கொள்ளவும், நமக்குப் பேசவும் மூன்று நாள் போதுமானவை. புறப்படும் நாளில் மாலே நகரில் 1658ஆம் ஆண்டு பவளக்கல்லால் கட்டப்பெற்ற பழைய ஜும்ஆ பள்ளியைப் பேத்திக்குக் காட்ட வேண்டும். சுண்ணமின்றிக் கல்லோடு கல்லைப் பொருத்தி, அதில் எழுத்தும் கொடியும் செதுக்கிய அக்கைவேலை, கடலடியிலிருந்து எடுத்த கல்லில் ஆனது. பிறகு ஐவரும் ஒன்றாக ஊருக்கு வரவேண்டும். ஊரில் இருக்கும் நான்கு நாளும் விருந்தழைப்பு எதையும் ஏற்பதில்லை என்று உறவினர்க்கு முன்கூட்டியே அறிவிக்கும் பொறுப்பை நாம் ஏற்றுக்கொண்டோம். மகன் விரும்பிய தனிமையைக் கடலுக்கு நடுவே மட்டுமன்றி, நம் வீட்டு வாசலுக்குள்ளும் உண்டாக்க முடியும் என்பதே நம் எண்ணம்.

மூன்று நாட்கள் கழித்து அவன் விடை வந்தது. விடுதியின் முன்பணத்தில் ஒரு பகுதி திரும்பாது என்ற வருத்தம் அதில் இருந்தது, ஆனால் இசைந்திருந்தான். "வாப்பும்மாவிடம் என் மகளை நானே தூக்கிக்கொண்டு வந்து உட்காரவைக்கிறேன்" என்று எழுதியிருந்தான்.

அந்நாட்டின் தரை, கடல்மட்டத்திற்கு மேல் சராசரி ஒன்றரை மீட்டர் அளவே உயர்ந்தது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலையில் அங்கே எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2009 அக்டோபரில் அந்நாட்டு அமைச்சர்கள் கடலடியில் அமர்ந்து கூட்டம் நடத்தி, தங்கள் மண் மூழ்கும் அச்சத்தை உலகிற்கு உணர்த்தினர். நம் ஊரும் இத்துன்பத்திற்கு அயலன்று. 2023 டிசம்பரில் காயற்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவு மழை கொட்டியதை மறந்தவர் இங்கே யாருமில்லை. தீவும் நிலையாதது; ஊரும் நிலையாதது; அவற்றில் வாழ்வோர் அவற்றினும் நிலையாதவர். காணவேண்டியவரைக் காணவேண்டிய காலத்தில் காண்பதற்கே பயணத்திட்டம் வகுக்க வேண்டும்.

இக்காலத்தில் நம் குடும்பங்களில் பிள்ளைகள் பல நாடுகளில் வாழ்கின்றனர். நடுவழியில் ஓரிடத்தில் கூடிக் களிக்கும் வழக்கமும் பெருகி வருகிறது. அதனை நாம் வெறுக்கவில்லை. ஆயினும் பயணச்சீட்டு எடுக்குமுன், இக்கூட்டத்திற்கு வர இயலாதவர் நம் வீட்டில் யார் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். நாட்களைப் பங்கிடும்போது முதற்பங்கை அவருக்கு வைத்துவிட்டு, எஞ்சியதைக் கடலுக்கு வையுங்கள்.

இன்ஷா அல்லாஹ், டிசம்பர் மூன்றாம் வாரத்தில் நாம் புறப்படுகிறோம். நம் துணைவியாரின் பயணப்பட்டியலில் வாங்கிவர வேண்டிய பொருளாக ஒன்றே ஒன்றுதான் எழுதப்பட்டிருக்கிறது. அது அன்னையார் கேட்ட அரைக்கிலோ மாசி.