கடலடி கேபிளும் கவுண்டரில் நிற்கிற மனிதரும்

அந்தமானுக்கு மாற்றல் என்றதும் ஊரில் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, "அங்க நெட் கிடைக்குமா?" என்பதுதான். சாப்பாடு கிடைக்குமா என்று ஒருத்தரும் கேட்கவில்லை :-)

கிடைக்கிறது சார், நன்றாகவே கிடைக்கிறது. முன்பெல்லாம் இந்தத் தீவுகள் செயற்கைக்கோளை நம்பித்தான் இருந்தன. 2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையில் இருந்து கடலுக்கடியில் சுமார் 2,300 கிலோமீட்டருக்குப் போட்ட கேபிள் திறக்கப்பட்டது. போர்ட் பிளேர் (2024-ல் இருந்து ஸ்ரீ விஜயபுரம்), லிட்டில் அந்தமான், கார் நிகோபார், கிரேட் நிகோபார் வரை அதில் இணைந்தன.

"அந்தக் காலத்துல நெட்டே இல்ல, அதனால வேலையை மட்டும் பார்த்தோம்" என்று இங்கே சில பழைய ஆட்கள் பெருமூச்சு விடுவார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. லைன் போனால் பென்ஷன் வாங்க வந்தவர் வெறுங்கையோடு திரும்புவார். அதற்குப் பேர் கவனமா என்ன?

இப்போது பிரச்சினை வேறு. வேலை நேரத்தில் சினிமா பார்க்கிறவர்களை நான் கண்டதில்லை. கவனத்தைக் கலைப்பது வேலையேதான்! கிளைக்கு ஒரு வாட்ஸப் குழு, மண்டலத்துக்கு ஒன்று, காப்பீடு விற்க ஒன்று, டெபாசிட் திரட்ட ஒன்று. "இன்றைய நிலவரம் என்ன?" என்று யாராவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பதில் போட்டால் கட்டைவிரல் படம் ஒன்று வருகிறது. அவ்வளவுதான் பலன்.

பி.காம். தணிக்கைப் பாடத்தில் 'இன்டர்னல் செக்' என்று படித்திருப்பீர்கள். ஒருவர் செய்ததை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். வங்கியில் ஒருவர் பதிவார், அதிகாரி பார்த்து அனுமதிப்பார். நெஃப்டில் பணம் போய்ச் சேருவது கணக்கு எண்ணை வைத்து மட்டும்தான். அனுப்புமுன் பெறுபவர் பெயரைக் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் கொண்டுவரச் சொன்னது ரிசர்வ் வங்கி. நல்ல ஏற்பாடு. ஆனால் திரையில் வருகிற பெயரைப் படிக்க ஒரு ஜோடி கண் வேண்டுமே! அந்தக் கண் போனில் இருந்தால், இரண்டு பேர் கையெழுத்து இருந்தும் சரிபார்த்தவர் யாருமில்லை.

"ஒரு நொடிதானே பார்த்தேன்" என்போம். சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-ல் இதைப் பற்றி எழுதினார். ஒரு வேலையை அரைகுறையாக விட்டு அடுத்ததற்குத் தாவும்போது, மனதில் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறதாம். கடன் விண்ணப்பத்தின் நடுவே குழுவுக்குப் பதில் போட்டுத் திரும்பினால், அதே பக்கத்தை மறுபடி மேலிருந்து படிக்கிறோமே, அதுதான் இது.

நான் செய்வது மூன்றே விஷயம்.

ஒன்று, அனுமதிக்கிற நேரத்தில் போன் டிராயருக்குள். கையில் எடுத்த பரிவர்த்தனை முடிந்த பிறகுதான் டிராயர் திறக்கும்.

இரண்டு, குழுக்களைப் பார்ப்பது பதினொன்று, ஒன்று, நான்கு மணிக்கு மட்டும். மேலிடம் கோபிக்காதா என்றால், அவசரம் என்றால் லேண்ட்லைனில் கூப்பிடுவார்கள். இதுவரை அப்படி ரொம்ப அபூர்வமாகத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். எது அவசரம் என்று அதிலேயே தெரிந்துவிட்டது.

மூன்று, இந்தத் தீவு தரும் சலுகை. சென்னையை விட நாங்கள் சுமார் 12 டிகிரி கிழக்கே இருக்கிறோம். கடிகாரம் ஒன்றுதான், ஆனால் சூரியன் முக்கால் மணி நேரம் முந்தி வந்துவிடும். நானும் கிளை திறப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே போய்விடுகிறேன். அப்போது குழுக்கள் இன்னும் தூங்கிக்கொண்டிருக்கும். கடன் விண்ணப்பங்களைப் படிப்பது அப்போதுதான்.

இதெல்லாம் பெரிய தவம் இல்லை. ஹட் பேயில் இருந்து கப்பலேறி, கையில் ஒரு பிளாஸ்டிக் பையில் பாஸ்புக்கைச் சுற்றிக்கொண்டு ஒரு பெரியவர் வருகிறார். அவருக்குத் திரும்பும் கப்பல் நாம் நினைத்த நேரத்துக்கு இல்லை. குழுவில் இருப்பவர்கள் பத்து நிமிடம் காத்திருக்கலாம். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்து "சொல்லுங்க ஐயா" என்று கேட்கிற அதிகாரியாக இருந்தால் போதும் என்று நினைக்கிறேன். நீங்க என்ன சொல்றீங்க?