நத்தை ஓடும் செல்போனும்

"சும்மா தொணதொணக்காதே! போனைக் கேள், சொல்லும்!"

இந்த மந்திரத்தை நான் தினமும் உச்சரித்த கணக்குக்கு ஸ்ரீராமஜயம் எழுதியிருந்தால், இந்நேரம் மோட்சத்துக்கு டிக்கெட் கிடைத்திருக்கும். எட்டு வயதுப் பெண் இருக்கும் வீடு எப்படி இருக்கும் என்று தாய்மார்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சாம்பார் கொதித்து வழியும் சமயம் பார்த்துத்தான், "நிலா ஏம்மா நம்ம பின்னாலேயே வருது?" என்று கேள்வி பிறக்கும். கட்டுரையை முடித்தாக வேண்டிய நேரத்தில்தான், "எறும்பு தூங்குமா?" என்று சந்தேகம் வரும். நான் பத்திரிகைக்காரி. ஊரில் இருப்பவர்களையெல்லாம் கேள்வி கேட்பதுதான் என் பிழைப்பு. ஆனால் என் வீட்டில் ஒருத்தி என்னைக் கேள்வி கேட்டால் மட்டும் எனக்குப் பொறுக்காது!

செல்போன் வந்து என்னைக் காப்பாற்றியது. வாயால் கேட்டால் வாயாலேயே பதில் சொல்கிறது. அதற்குக் கோபம் கிடையாது. 'அப்புறம் பார்க்கலாம்' கிடையாது. வீடு நிசப்தமாகிவிட்டது. "குழந்தை எவ்வளவு சமர்த்தாகிவிட்டாள், பார்த்தீர்களா?" என்று நானும் என் கணவரும் மெச்சிக்கொண்டோம்.

பொங்கலுக்கு நாலு நாள் முன்பு, ராத்திரி, ரயில் நேரம் பார்ப்பதற்காக அந்தப் போனை எடுத்தேன். என் மகள் கேட்ட கேள்விகள் எல்லாம் வரிசையாகப் பதிவாகியிருந்தன. தேன் ஏன் கெட்டுப்போவதில்லை? திமிங்கிலம் மீனா? மின்னல் முதலா, இடி முதலா? சிரித்துக்கொண்டே படித்து வந்தவள், ஓரிடத்தில் அப்படியே நின்றுவிட்டேன்.

'அம்மா கோபமா இருந்தா என்ன செய்யணும்?'

போன் அதற்கு ஏதோ பதில் சொல்லித்தான் இருக்கும். அதைத் திறந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. பக்கத்து அறையில் இருக்கும் என்னிடம் கேட்க வேண்டியதை, அவள் அதனிடம் கேட்டிருக்கிறாள். கேட்கச் சொல்லிக் கொடுத்தவள் நான்தானே?

பொங்கலுக்கு மதுராந்தகத்தை அடுத்த கருங்குழியில் இருக்கும் என் அத்தை வீட்டுக்குப் புறப்பட்டோம். செங்கற்பட்டைத் தாண்டிப் பாலாற்றுப் பாலத்தில் ரயில் தடதடவென்று போனபோது, கீழே பெரும்பாலும் மணல்தான். மகள் ஜன்னலை ஒரு தடவை பார்த்தாள். என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு போனை எடுத்து, "கருங்குழியில் என்ன விசேஷம்?" என்று கேட்டாள். வள்ளலார் அங்கே தங்கியிருந்தபோது, தண்ணீரை ஊற்றி விளக்கு எரிந்த கதையை அது அழகாகச் சொல்லிற்று.

வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள், "ஆயா, தண்ணியிலே விளக்கு எரிஞ்ச வீடு எங்கே?" என்று ஆரம்பித்துவிட்டாள்.

அத்தை வாய்விட்டுச் சிரித்தாள். "அது வடலூர் கிட்டே இருக்கிற கருங்குழிடி, கண்ணு! கடலூர் ஜில்லா. இது மதுராந்தகத்துக் கருங்குழி. இங்கே விளக்கு கிடையாது, கோட்டைதான். வெள்ளைக்காரனும் பிரெஞ்சுக்காரனும் இந்தக் கோட்டைக்காக அடிச்சுக்கிட்டாங்களாம்."

"போன் பொய் சொல்லிச்சா, ஆயா?"

"பொய் சொல்லலே. ஊர் பேர் ஒண்ணா இருக்கவே பாவம், குழம்பிப் போச்சு. அதுக்கு என்ன, நடந்து பார்த்தா தெரியும்?"

அத்தை ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். நான் காலேஜில் படித்தவள். குழந்தைக்குப் பதில் சொல்லும் விதத்தில் எங்களில் யார் மேல் படிப்பு என்று எனக்கு அன்று சந்தேகம் வந்தது.

மறுநாள் காலையில் இருவரும் கழனிப் பக்கம் கிளம்பினார்கள். நானும் பின்னால் போனேன். நெல் வயலில் ஒரு சாம்பல் வெள்ளை நாரை நின்றது. அதன் அலகு மூடியிருந்தும் நடுவில் ஒரு சந்து தெரிந்தது. அது கோணலாய்ப் போனதா, உடைந்ததா என்று மகளுக்குக் கவலை.

"அது நத்தக்குத்தி நாரை. பாக்கு வெட்டியிலே பாக்கு வைக்கிற மாதிரி, அந்தச் சந்திலே நத்தையை வெச்சு உடைச்சுத் தின்னும்" என்றாள் அத்தை.

மகள் வரப்பில் குனிந்து எதையோ எடுத்தாள். காலியான நத்தை ஓடு. திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இன்னொன்றைத் தேடி எடுத்தாள். பிறகு மூன்றாவது.

"ஆயா! ஒண்ணு கூட உடையலையே!"

அத்தை மூன்று ஓடுகளையும் வாங்கிக் கண்ணுக்கு அருகே வைத்துப் பார்த்தாள். "ஆமாண்டி! அறுபது வருஷமா பார்க்கிறேன், எனக்குத் தோணலையே!"

எனக்கும் தெரியவில்லை. அந்த இடத்தில்தான் போனுக்கு வேலை வந்தது. மூன்று பேரும் வரப்பிலேயே உட்கார்ந்து, தலையோடு தலை சேர்த்துப் படித்தோம். அந்த நாரை ஓட்டைப் பெரும்பாலும் உடைப்பதே இல்லையாம். கீழ் அலகின் கூரான நுனியை நத்தையின் மூடிக்குள் நுழைத்து, சதையை ஓட்டோடு பிணைக்கும் தசையை அறுத்து, உள்ளே இருப்பதை இழுத்துக்கொள்கிறதாம். பாக்குவெட்டிக் கதையை முன்பு படித்தவர்களும் நம்பியிருக்கிறார்கள்! இன்னொரு அதிசயம்: குஞ்சு பொரிக்கும்போது அலகில் சந்தே கிடையாது, வளர வளரத்தான் உண்டாகிறது.

"அப்படியா சேதி! குஞ்சைப் பார்த்துட்டே வந்துடலாம்" என்று கிளம்பியவள் அத்தைதான்.

ஆட்டோ பேசிக்கொண்டு வேடந்தாங்கலுக்குப் போனோம். ஏரிக்குள் நிற்கும் மரங்களில் பறவைகள் பூத்துக் கிடந்தன. 1798ஆம் வருஷமே அங்குள்ள கிராமத்தார் கலெக்டர் லயனெல் பிளேஸிடம் சொல்லி, பறவைகளைச் சுடக்கூடாது என்று பாதுகாப்பு வாங்கியிருக்கிறார்கள். காரணம் பறவைப் பாசம் மட்டுமல்ல. எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பயிருக்கு நல்ல உரம். பறவைக்கும் லாபம், மனுஷருக்கும் லாபம்.

கூடுகளில் குஞ்சுகள் தலையை நீட்டின. வாடகைக்கு வாங்கிய பைனாகுலரில் மகள் வெகுநேரம் பார்த்துவிட்டு, "சந்து இல்லே, ஆயா! நிஜமாவே இல்லே!" என்று குதித்தாள். அத்தையும் பார்த்தாள். தோட்டத்தில் புதையல் கண்டவர் போல் இருவரும் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

திரும்பும் வழியில் எனக்கு ஒரு விஷயம் ஞாபகம் வந்தது. அமெரிக்காவில் சியாட்டில் நகரத்தில் பாட்ரீஷியா கூல் என்ற பேராசிரியையின் குழு செய்த பரிசோதனை அது, 2003இல் வெளியாயிற்று. ஒன்பது மாதக் குழந்தைகள் சிலருக்கு ஒருவர் நேரில் உட்கார்ந்து சீன மொழியில் படித்துக் காட்டி விளையாடினார். வேறு சிலருக்கு அதையே டெலிவிஷனில் காட்டினார்கள். நேரில் கேட்ட குழந்தைகளுக்குச் சீன ஒலிகள் பிடிபட்டன. பெட்டியில் கேட்டவர்களுக்குப் பிடிபடவில்லை.

நம் ஊரிலும் பார்த்தோமே! கொரோனாவினால் 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடியபோது, முந்தின வருஷம் ஆரம்பித்திருந்த கல்வித் தொலைக்காட்சி கைகொடுத்தது. அது இல்லாவிட்டால் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும். இருந்தும் 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' என்று சர்க்கார் தொடங்கி, தெருவுக்குத் தெரு தன்னார்வலர்களைச் சாயங்காலத்தில் குழந்தைகளோடு உட்கார வைக்க வேண்டியிருந்தது. பெட்டி பாடம் சொல்லும், "புரிஞ்சுதா, கண்ணு?" என்று முகத்தைப் பார்த்துக் கேட்க ஓர் அக்கா வேண்டும்.

போன் மேல் எனக்கு விரோதம் இல்லை. அது இல்லாவிட்டால் பாக்குவெட்டிக் கதையோடு நாங்கள் வீடு திரும்பியிருப்போம். ஆனால் நத்தை ஓடு கைக்கு வந்த பிறகு வந்ததால்தான் அந்தப் பதிலுக்கு மதிப்பு. "எனக்குத் தோணலையே!" என்று ஒரு பெரியவள் வெட்கமில்லாமல் சொன்னதால்தான், கேள்விக்கும் மதிப்பு.

இப்போது எங்கள் வீட்டில் ஒரு சட்டம். எந்தக் கேள்வியும் முதலில் மனிதர்களிடம்தான். தெரிந்தால் சொல்வது, தெரியாவிட்டால், "தெரியவில்லை" என்று ஒப்புக்கொண்டு சேர்ந்து உட்கார்ந்து போனைப் பார்ப்பது, கிடைத்த பதில் சரியா என்று முடிந்தால் கண்ணால் பார்ப்பது. சாம்பார் இரண்டு தடவை அடிப்பிடித்துவிட்டது, வாஸ்தவம். என் கணவர் பெருந்தன்மையாக மோர் ஊற்றிக்கொண்டார்.

மூன்று நத்தை ஓடுகளும் எங்கள் ஜன்னலில் இருக்கின்றன. போன வாரம் ஆபீஸில் ஏதோ மனஸ்தாபம். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மகள் போனைத் தொடவில்லை. நேரே என்னிடம் வந்து, "அம்மா, கோபமா இருக்கியா? என் மேலயா?" என்று கேட்டாள்.

நிலாவைப் பற்றிக் கேட்டிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். ஆனாலும் பையைக் கீழே வைத்துவிட்டு, அவள் பக்கத்தில் உட்கார்ந்து, நானே பதில் சொன்னேன்.